குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு: பெரியம்மா இருக்கும் முதியோர் குடியிருப்பு பற்றி

பெரியம்மா இருக்கும் முதியோர் குடியிருப்பில் தன் மாமனாரையும் சேர்க்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அறையின் அளவு, மாதக் கட்டணம், மருத்துவர் வரும் நாள், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் அவளே விசாரித்துவிட்டாள். அவற்றில் பொய் எதுவும் இல்லை, சொன்னது சொன்னபடி நடக்கிறது. தொலைபேசியில் பதில் சொல்ல ஆரம்பித்தபோது என் பேச்சு மறுபடி மறுபடி ஒரே இடத்தில் போய் நின்றது. அதனால் எழுதியே விடுகிறேன். இதில் பெரும்பகுதி குளியலறையில் தொங்கும் சிவப்புக் கயிற்றைப் பற்றித்தான் இருக்கும்.

முதியோருக்காகக் கட்டப்பட்ட குளியலறைகளில் கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் பணியாளர் அறையில் மணி ஒலிக்கும், கதவுக்கு வெளியே விளக்கு எரியும். கயிற்றில் இரண்டு வளையங்கள் இருக்கும். பிரிட்டனின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி இவற்றின் உயரத்தைக்கூட வரையறுத்திருக்கிறது: ஒன்று தரையிலிருந்து 80 முதல் 100 சென்டிமீட்டருக்குள், மற்றது 10 சென்டிமீட்டரில். மேல் வளையம் உட்கார்ந்திருப்பவருக்கு. கீழ் வளையம் விழுந்து கிடப்பவருக்கு. கன்னம் தரையில் பதியக் கிடப்பவரும் கையைச் சற்றே நீட்டினால் எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பத்து சென்டிமீட்டர். கயிற்றின் உயிரே கீழ் வளையத்தில் இருக்கிறது.

பெரியம்மாவின் குளியலறையில் அந்தக் கயிறு எப்போதும் கைப்பிடிக் கம்பியில் சுற்றப்பட்டிருக்கும். இரண்டு சுற்று, மேலே ஒரு முடிச்சு, கீழ் வளையம் அந்தச் சுற்றுக்குள் செருகப்பட்டு, பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். தரையில் கிடப்பவருக்கு எட்டவே எட்டாது. போகும்போதெல்லாம் அவிழ்த்துவிட்டு வருகிறேன். அடுத்த முறை போனால் மறுபடியும் கட்டியிருக்கிறது. முடிச்சு மட்டும் வேறாக இருக்கும். அதிலிருந்து வேறு கை கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏன் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். தரையைத் துடைக்கும்போது கயிறு நனைந்து அழுக்காகிறது. துடைப்பானில் சிக்கி இழுபட்டால் மணி அடித்துவிடுகிறது, மேலேயிருந்து நர்ஸ் ஓடி வந்து திட்டுகிறார். கண் மங்கியவர்கள் விளக்குக் கயிறு என்று நினைத்து இழுத்துவிடுகிறார்கள். மூன்றுமே உண்மையான காரணங்கள்தான். துப்புரவு வேலை செய்யும் பெண்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. குறித்த நேரத்துக்குள் ஒரு தளம் முழுவதையும் முடித்தாக வேண்டியவர்கள் அவர்கள். அந்தக் கயிறு எதற்கு என்று முதல் நாளே அவர்களைத் தரையில் உட்கார வைத்துக் காட்டாதவர்கள் மீதுதான் கோபம். மேலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், வருந்தினார், மறுநாளே ஒவ்வொரு குளியலறையிலும் “கயிற்றைக் கட்டாதீர்கள்” என்று அச்சடித்து ஒட்ட வைத்தார். அந்தத் தாளுக்கு நேர் கீழேயே கட்டப்பட்ட கயிற்றைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த பெண்ணுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை.

பெரியம்மா விழுந்தது அந்தக் குளியலறையில்தான். காலை நேரம். ஈரத்தில் வழுக்கவில்லை. எழும்போது தலை சுற்றியிருக்கிறது. கயிறு கட்டியிருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கயிறு இழுக்கப்பட்டிருந்தால் கணினியில் நேரம் பதிவாகியிருக்கும். இழுக்கப்படவில்லை, அதனால் பதிவும் இல்லை. “கொஞ்ச நேரம்தான்” என்கிறார் பெரியம்மா. “சில நிமிடங்கள்” என்கிறது அவர்களுடைய குறிப்பேடு. அதை எழுதியவர் அப்போது அங்கே இல்லை.

விழுவதைவிட விழுந்த இடத்திலேயே கிடப்பது எவ்வளவு கெடுதல் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் எலும்பு முறியாவிட்டாலும் அழுத்தப் புண், உடம்பில் நீர் வற்றுதல், உடல் குளிர்ந்துபோதல், தசை சிதைந்து அதனால் சிறுநீரகம் பாதிக்கப்படுதல் என்று வரிசையாக வரலாம். கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அந்த ஆண்டில் அவர்களில் 60 சதவீதம் பேர் விழுந்தார்கள். விழுந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது தாமாக எழ முடியவில்லை. 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அழைப்பு வசதி இருந்தவர்களும் தனியே விழுந்தபோது பெரும்பாலும் அதைப் பயன்படுத்தவில்லை. சிலர் தாமே எழுந்துவிடலாம் என்று முயன்றிருக்கிறார்கள், சிலர் கழுத்தில் மாட்டும் பொத்தானை மாட்டிக்கொள்ளவே இல்லை, சிலர் முயன்றும் அழைக்க முடியவில்லை. ஆகவே கயிறு அவிழ்ந்திருந்தால் பெரியம்மா கட்டாயம் இழுத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இழுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையாவது அவருக்கு இருந்திருக்கும்.

அவரைக் காப்பாற்றியது மணி அல்ல, அடுத்த அறை அம்மாள். இந்தக் குடியிருப்பைப் பற்றி நான் மனமாரச் சொல்லும் புகழ்ச்சி அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

பெரியப்பா போன பிறகு பெரியம்மா வீட்டில் தனியாக இருந்தார். யாரோடும் வாய்த்தகராறு இல்லை, குறை சொல்லவில்லை, எதைக் கேட்டாலும் “சரி” என்றார். நாங்கள் அதை அமைதி என்று சொல்லிக்கொண்டோம். இங்கே வந்த சில வாரங்களில் அடுத்த அறை அம்மாளோடு செய்தித்தாளுக்காகச் சண்டை தொடங்கியது. தளத்துக்கு ஒரே ஒரு செய்தித்தாள்தான் வரும். முதலில் பிரிப்பது யார்? குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பிவிட்டால் மற்றவர் என்ன செய்வது? தொலைபேசியில் பெரியம்மா அந்த அம்மாளைப் பற்றிப் பொரிந்து தள்ளியபோது என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் பழைய குரலை அன்றுதான் மறுபடி கேட்டதாகச் சொன்னார். எந்த மருத்துவரும் எழுதித் தராத மருந்து இது. நாள்தோறும் காலையில் எழுந்து ஒருவரை முந்திக்கொண்டு போக வேண்டிய தேவை பெரியம்மாவுக்கு வந்துவிட்டது.

விழுந்த அன்று பெரியம்மா செய்தித்தாளுக்கு வரவில்லை. போட்டி இல்லாமல் தாள் கையில் கிடைத்தது அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டியிருக்கிறார், பதில் இல்லை என்றதும் வராந்தாவில் நின்று சத்தம் போட்டு நர்ஸை வரவழைத்திருக்கிறார். இன்றும் இருவருக்கும் பேச்சு சுமுகமாக இல்லை. பெரியம்மாவின் அறைக்குள் ஒரு முறை எட்டிப் பார்க்காமல் அந்த அம்மாள் தூங்கப் போவதில்லை என்று இரவு வேலைக்கு வருபவர்கள் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை 1976-இல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, தாமே பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில் எல்லாவற்றையும் பணியாளர்களே கவனித்துக்கொள்வார்கள் என்றார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது உட்பட. சில வாரங்களில் முதல் தளத்தார் மேலும் சுறுசுறுப்பாகவும் விழிப்பாகவும் இருந்தார்கள். நம் பெரியவர்களைச் சேர்த்துவிட்டு “எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்” என்று நாம் நிம்மதியாகச் சொல்வது இரண்டாவது தளத்தின் பேச்சு. இந்தக் குடியிருப்பில் குளிக்கும் நேரத்தைப் பெரியம்மாவே தீர்மானிக்கிறார். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தார்கள். இதற்கு முழு மதிப்பெண் தர நான் தயங்கவில்லை.

விழுந்த பிறகு கவனித்த விதத்துக்கும் அப்படியே. கையைப் பிடித்து அப்படியே தூக்கி நிறுத்தப் பார்க்கவில்லை. நர்ஸ் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் அடியா, கழுத்து வலிக்கிறதா, இடுப்பை அசைக்க முடிகிறதா என்று கேட்டு, கால்கள் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, போர்த்திவிட்டு, அதன் பிறகுதான் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். அன்றே ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்தார். எழுந்து நின்றதும் அழுத்தம் இறங்குகிறதா என்று ஒரு வாரம் குறித்து வைத்தார்கள். இதைவிட நன்றாக நானே கவனித்திருக்க முடியாது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக. விழுந்ததும் பராமரிப்பு நிலை ஒரு படி உயர்ந்தது, தொகையும் உயர்ந்தது. நிலையைத் தீர்மானிப்பது குளியல், உடை, கழிப்பறை, கட்டிலிலிருந்து எழுதல், மலஜலக் கட்டுப்பாடு, சாப்பிடுதல் என்ற ஆறு செயல்களில் எத்தனைக்கு உதவி தேவை என்பதுதான். சிட்னி காட்ஸ் குழு 1963-இல் வெளியிட்ட அளவுகோல் இது, இன்றும் பல இடங்களில் இதுவே அடிப்படை. மதிப்பீட்டின்போது குடும்பத்தார் ஒருவர் உடன் இருப்பது நல்லது. விருந்தினர் முன்னால் பெரியவர்கள் எல்லாம் முடியும் என்பார்கள், அல்லது அன்றைக்கு எதுவும் முடியாமல் இருக்கும். ஒப்பந்தத்தில் டெபாசிட் திரும்பும் பக்கத்தைவிட, எந்த நிலை வந்தால் வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள் என்ற பக்கத்தை முதலில் படிக்க வேண்டும்.

சென்ற மாதம் அழைப்பு மணி அமைப்பு முழுவதையும் பழுதுபார்த்தார்கள். பழைய அமைப்பில் பணியாளர் மேசையில் இருந்தபடியே மணியை நிறுத்திவிடலாம். புதியதில் அழைத்தவரின் அறைக்குள் போய்த்தான் நிறுத்த முடியும், அழைத்த நேரமும் நிறுத்திய நேரமும் தானாகப் பதிவாகும். நல்ல மாற்றம், கேட்காமலே செய்தார்கள். பதிவைக் காட்டச் சொன்னேன், தயங்காமல் காட்டினார்கள். இரவில் சற்றுத் தாமதம், மற்றபடி குறை சொல்ல முடியாது. மகிழ்ச்சியோடு பெரியம்மாவின் குளியலறைக்குப் போனேன். பழுதுபார்க்க வந்தவர் கயிற்றை அவிழ்த்து, இழுத்துச் சோதித்து, சரியாக வேலை செய்கிறது என்று தாளில் கையெழுத்திட்டு, மறுபடி கம்பியில் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

பெரியம்மாவிடம் சொன்னால், “பாவம், அந்தப் பெண் தரையைத் துடைக்க வேண்டாமா?” என்கிறார். அவரே சில நாட்களில் கட்டிக் கொடுக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

தோழிக்கு என் ஆலோசனை இது. எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும், அவர்கள் காட்டும் மாதிரி அறையோடு திரும்பி வராதே. ஆள் குடியிருக்கும் ஒரு அறையை, அவருடைய அனுமதியோடு, சாயங்காலத்திலோ விடுமுறை நாளிலோ சொல்லாமல் போய்ப் பார். குளியலறைத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார். இரவில் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று மேலாளரைக் கேட்காமல், இரவு வேலைக்கு வருபவரைக் கேள். அங்கே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, சண்டையாவது போடுகிறார்களா என்று உணவுக்கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனி.

இந்த இடத்தில் சேர்க்கலாமா என்றால், வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமாகப் படாமல் இருக்கலாம். பெரியம்மாவை நான் அங்கிருந்து மாற்றப் போவதும் இல்லை. மாற்றினால் அவர் செய்தித்தாளையும் எதிரியையும் சேர்த்து இழப்பார். உன் மாமனாருக்கு இன்னும் அங்கே யாரும் இல்லை. கதவைத் தட்ட ஆள் கிடைக்கும்வரை அவருக்கு அந்தக் கயிறு ஒன்றுதான் துணை. ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும் பிளாஸ்டிக் உறை போட்ட கயிறுகள் கிடைக்கின்றன. அவற்றை எல்லா அறைகளிலும் மாட்டுவதாக மேலாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாட்டிய பிறகு, முடிச்சு இல்லாமல் அது தொங்குவதைப் பார்த்த பிறகு கேள், வேறு பதில் சொல்கிறேன்.