மரத்துப்போன உடம்பு, அடங்காத பயம்: ஸ்பைனல் ஆபரேஷனில் எந்தத் தூக்க மருந்து யாருக்கு?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து (இதுதான் ஸ்பைனல்) ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நான் முழிச்சிட்டே இருக்கணுமா?" என்பதுதான். வலிக்காது என்று சொன்னாலும் மனசு ஆறாது. ரம்பமும் சுத்தியலும் போடும் சத்தம் காதில் விழுமே, திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ என்று பதறும். அதற்காகத்தான் செடேஷன் என்ற லேசான தூக்கம். இதில் மிடசோலம், ப்ரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மூன்று மருந்துகள் திரும்பத் திரும்ப வரும், நாலாவதாக மருந்தே இல்லாத ஒரு வழி: பேச்சும் பாட்டும். இதில் எது உசத்தி என்று கேட்பதைவிட, எந்தப் பயத்துக்கு எது என்று கேட்பதுதான் சரி என்பது என் கட்சி.

பயந்தவருக்கு மருந்து அதிகம் தேவைப்படுமா? பொதுவாக ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பதற்றத்தில் அட்ரினலின் ஏறி மூளை உஷாராக இருக்கும்போது அதைத் தூங்கவைக்கக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கும் என்பது நியாயமாகவும் படுகிறது. முழு மயக்கத்தில் செய்யப்பட்ட 1999 ஆய்வொன்றில், சுபாவத்திலேயே பதற்றம் அதிகமுள்ள பெண்களுக்கு ப்ரோபோஃபால் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனால் ஸ்பைனலில் இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. இடுப்புக்குக் கீழிருந்து மூளைக்குப் போகும் உணர்வுச் செய்திகள் நின்றுவிடுவதால், அந்த ஊசியே ஓரளவு தூக்கத்தைக் கொண்டுவரும். மரப்பு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அந்த அளவுக்குத் தூக்க மருந்தின் தேவை குறையும். தவிர, பயத்தின் உச்சம் பலருக்கு முதுகில் ஊசி குத்தும் வரைதான். அந்த உச்சத்தைப் பார்த்து டோஸை ஏற்றிவிட்டால், ஊசி முடிந்து, கால் மரத்து, "அப்பாடா" என்று நோயாளி தளரும் நேரத்தில் அதே டோஸ் அவருக்கு அதிகமாகிவிடும்.

முதலில் மிடசோலம். 1 அல்லது 2 மில்லிகிராம் நரம்பில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் பதற்றம் தணியும். இதன் பெரிய குணம் மறதி, ஆனால் மருந்து போட்டதற்குப் பின் நடப்பதுதான் மறக்கும், முன்னால் பட்ட பயம் அப்படியே நினைவில் நிற்கும். அதனால் ஊசி குத்துவதுதான் பயம் என்பவருக்கு முதுகைத் தொடுவதற்கு முன்பே போட வேண்டும், எல்லாம் முடிந்தபின் போட்டால் பாதிப் பலன் போய்விட்டது. அளவு மீறினால் ஃப்ளூமாசெனில் என்ற முறிவு மருந்து இருப்பது ஒரு தைரியம். குறை என்றால், சிலருக்கு நேர்மாறாகக் கிளர்ச்சியும் உளறலும் வரும், வயதானவர்களுக்குக் குழப்பம் வரலாம்.

ப்ரோபோஃபாலின் பலம் வேகம். ஒரு நிமிடத்துக்குள் கண் சொக்கும், மருந்து ஏற்றும் பம்ப்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளியும். "எனக்கு ஒன்றுமே தெரியக்கூடாது" என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 25 முதல் 75 மைக்ரோகிராம் என்று ஒரு வழக்கமான வீச்சு உண்டு, ஆனால் ஒருவருக்கு லேசான தூக்கம் தரும் அளவு இன்னொருவருக்கு மூச்சுப்பாதையை அடைத்துவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஸ்பைனல் ஏற்கனவே ரத்த அழுத்தத்தை இறக்கியிருக்கும், இது இன்னும் கொஞ்சம் இறக்கும். வலி நிவாரணமும் இதில் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. நோயாளி நெளிந்தால், முனகினால் "பயந்த சுபாவம்" என்று சொல்லி மருந்தை ஏற்றுவது மிகச் சுலபம். மரப்பு சரியாகப் பிடிக்காமல் நிஜமாகவே வலிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதற்றக்காரர் என்று பெயர் வாங்கியவரின் வலியைத்தான் யாரும் சீக்கிரம் நம்புவதில்லை, இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

டெக்ஸ்மெடிடோமிடின் வேறு ரகம். இது தரும் தூக்கம் இயல்பான தூக்கத்தை ஒத்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்கள். மூச்சை அவ்வளவாக அமுக்காது என்பதால் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன். ஸ்பைனலின் மரப்பையும் நீட்டிக்கும். ஆனால் முதல் டோஸை 10 நிமிடம் போல மெதுவாக ஏற்ற வேண்டும், நாடித்துடிப்பு இறங்கும், தெளிய நேரமாகும். அந்த நொடியே பயம் போக வேண்டும் என்பவருக்கு இது உதவாது, மறதியிலும் மிடசோலத்துக்கு ஈடில்லை.

அப்புறம் அந்த நாலாவது வழி. 1963 லேயே, மயக்க மருத்துவர் முந்தின நாள் நேரில் வந்து பேசிய நோயாளிகள், தூக்க மருந்து மட்டும் பெற்றவர்களைவிட அமைதியாக ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. பிறகு ஸ்பைனலில் நோயாளி தானே பட்டனை அழுத்தி மருந்து எடுத்துக்கொள்ளும் முறையில் சோதித்தார்கள், பாட்டுக் கேட்டவர்களுக்கு 1998 ஆய்வில் ப்ரோபோஃபாலும் 2001 ஆய்வில் மிடசோலமும் குறைவாகவே போதுமாயிருந்தன. 2019 இல் நெர்வ் பிளாக்குக்கு (ஒரு பகுதிக்குப் போகும் நரம்பை மட்டும் ஊசியால் மரக்கவைப்பது) முன்னால் மிடசோலத்தையும் பாட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது பதற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு தணிந்தது. ஆனால் திருப்தி மிடசோலம் பெற்றவர்களுக்கே கூடுதல், ஹெட்போனுடன் பேசிக்கொள்வதும் சிரமமாக இருந்தது. பாட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல வரவில்லை, மருந்தின் அளவைக் குறைக்க அதைவிடப் பக்கவிளைவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை.

பயத்தை அளக்க ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்று ஆறே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1996 முதல் இருக்கிறது. அதில் நாலு கேள்வி பயத்தைப் பற்றி, இரண்டு கேள்வி எவ்வளவு விவரம் தெரிய வேண்டும் என்பதைப் பற்றி. எனக்கு அந்த இரண்டும்தான் முக்கியம். விவரம் வேண்டும் என்பவருக்கு என்ன நடக்கும், எப்போது கால் கனக்கும், அழுத்தமும் இழுப்பும் தெரிந்தாலும் கூர்மையான வலி ஏன் தெரியாது என்று சொல்லிவிட்டு மெல்லிய செடேஷன் கொடுத்தால் போதும். பலர் ஹெட்போனோடு முழித்தே இருப்பார்கள். எதுவும் தெரிய வேண்டாம் என்பவரிடம் விளக்கம் சொல்லிச் சொல்லியே பயத்தை வளர்க்கக்கூடாது. ஊசிக்கு முன் கொஞ்சம் மிடசோலம், மரப்பு பிடித்ததை உறுதி செய்தபின் குறைந்த அளவில் ப்ரோபோஃபால் என்று அவருக்குப் போகலாம், இரண்டும் சேரும்போது ஒன்றின் வீரியத்தை இன்னொன்று கூட்டிவிடும் என்பதால் மூச்சைக் கவனித்துக்கொண்டே.

வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். எழுபதைத் தாண்டியவர் எவ்வளவு பயந்திருந்தாலும் மிடசோலத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். பேச்சு, கண்ணாடியையும் காது மெஷினையும் தியேட்டர் வரை கழற்றாமல் விடுவது, தேவைப்பட்டால் முதல் டோஸைக் குறைத்தோ தவிர்த்தோ மெதுவாக ஏற்றும் டெக்ஸ்மெடிடோமிடின், இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.