மெயில் பட்டியலைச் சுத்தம் செய்ய எது சரியான வழி?

செய்திமடல் அனுப்புகிறவர்களிடம் பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்டால் உடனே ஒரு எண் வரும். அதில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். வேலை மாறினால் அலுவலக முகவரி போய்விடும், படிப்பு முடிந்தால் கல்லூரி முகவரி மூடப்படும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுளும் 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்துவிட்டது. பட்டியலை அப்படியே விட்டுவைத்தால் அது தானாகவே பழசாகும். சுத்தம் செய்ய மூன்று வழிகளைச் சொல்வார்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலாவது, பவுன்ஸ் ஆவதை, அதாவது போய்ச் சேராமல் திரும்பி வரும் மெயிலைப் பார்த்து நீக்குவது. நாம் மெயில் அனுப்பப் பயன்படுத்தும் சேவையே இதைச் செய்துவிடும். 550 5.1.1 என்று பதில் வந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை, அதை உடனே நீக்கிவிடலாம். 452 4.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். செலவில்லாத வழிதான், ஆனால் அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரியும். மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் அமேசானின் எஸ்இஎஸ் சேவையில் பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்குப் போகும். 10 சதவீதம் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கக்கூடும். மாதாமாதம் அனுப்பும் பட்டியலுக்கு இது போதும். மூன்று வருடம் எக்ஸெல்லில் தூங்கிய பட்டியலுக்கு இதை நம்பி இறங்கக் கூடாது.

அந்த மாதிரிப் பட்டியலுக்குத்தான் இரண்டாவது வழி, காசு வாங்கிக்கொண்டு முகவரிகளைச் சரிபார்த்துத் தரும் சேவைகள். அவை பெறுபவரின் சர்வரைக் கூப்பிட்டு, இன்ன முகவரிக்கு மெயில் இருக்கிறது என்று சொல்லும். சர்வர் சரி என்றதும், எதையும் அனுப்பாமலே இணைப்பைத் துண்டித்துவிடும். காலிங்பெல் அடித்து ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி. ஆனால் எந்தப் பெயருக்கு வந்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளும்படி சில நிறுவனங்கள் சர்வரை அமைத்திருக்கும். அங்கே இந்தச் சோதனை ஒன்றுமே சொல்லாது. ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்க, கைவிடப்பட்ட பழைய முகவரிகளைப் பொறியாக வைத்திருப்பதும் உண்டு. அவையும் சரி என்றே பதில் சொல்லும். அப்புறம், வாடிக்கையாளர் நம்மை நம்பித் தந்த முகவரியை முன்பின் தெரியாத மூன்றாம் நிறுவனத்திடம் ஏற்றுகிறோம் என்பதும் எனக்கு உறுத்துகிற விஷயம்.

மூன்றாவது, மறு ஒப்புதல் கேட்பது. ரொம்ப நாளாக எதையும் தொடாதவர்களுக்கு, 'தொடர்ந்து அனுப்பட்டுமா?' என்று ஒரே ஒரு பொத்தானுடன் ஒரு மெயில். பதில் இல்லையென்றால் இன்னொரு முறை கேட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும். பட்டியல் சட்டென்று சுருங்கும், முதலாளிக்கு அதைப் பார்க்கவே மனசு வராது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கொண்டுவந்த விதிகள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். 0.1க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது கூகுள். அதாவது இன்பாக்ஸுக்குப் போகும் ஆயிரம் மெயிலில் மூன்று பேர் ஸ்பேம் என்று அழுத்தினாலே எல்லையைத் தொட்டுவிடுவோம். செத்த முகவரி ஸ்பேம் பொத்தானை அழுத்தாது. உயிரோடு இருந்து, நம் மெயிலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்தான் அழுத்துவார். சரிபார்ப்புச் சேவை அவருக்கு 'நல்ல முகவரி' என்று முத்திரை குத்தித் தரும்.

யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யும்போது ஓபன் கணக்கை, அதாவது எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மெயிலில் உள்ள ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் இறங்கிவிடும். நம் கணக்கில் அது 'படித்தார்' என்றே பதிவாகும். கிளிக், பதில் மெயில், வாங்கிய பில் இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

தவறான முகவரி பட்டியலில் சேரும்போதே, வாசலிலேயே தடுத்துவிட்டால் பின்னால் வேலை குறையும். புத்தகக் காட்சி ஸ்டாலில் முகவரி எழுதி வாங்க வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டைப் பார்த்தால் புரியும். முகவரியில் அண்டர்ஸ்கோர் (_) இருந்தால் அது நோட்டின் கோட்டோடு கலந்துவிடும், தட்டச்சு செய்கிறவர் அதை இடைவெளி என்று நினைத்துச் சேர்த்து எழுதிவிடுவார். அந்த முகவரி வேறு யாருடையதாகவும் இருக்கலாம். உறுதிசெய்யும் மெயில் ஒன்றை அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவர்களை மட்டும் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. எண்ணிக்கை குறையும் என்று சிலர் இதை விரும்புவதில்லை. கையால் எழுதி வாங்கும் இடத்திலாவது இதை விடக் கூடாது.

எந்த வழியை எடுத்தாலும், விலகியவர்களின் முகவரியை முற்றாக அழித்துவிடாதீர்கள். அழித்தால், அடுத்த மாதம் யாராவது பழைய எக்ஸெல்லை ஏற்றும்போது அவர் புது ஆளாக உள்ளே வந்துவிடுவார், வேண்டாம் என்றவருக்கே மறுபடியும் மெயில் போகும். மெயில்சிம்ப் மாதிரி செய்திமடல் அனுப்பும் சேவைகள் விலகியவர்களையும் எண்ணித்தான் கட்டணம் போடுகின்றன. அங்கே நீக்குவதற்குப் பதில் ஆர்க்கைவ் செய்யுங்கள், அதாவது அழிக்காமல் தனியே ஒதுக்கி வையுங்கள், கட்டணக் கணக்கிலும் வராது, விலகிய விவரமும் அழியாது.