சிறு விமானத்துக்கு டீசல்: பென்ஸ் வழியா, டெல்டாஹாக் வழியா?

சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் 180 குதிரைத்திறன் என்று பேச ஆரம்பித்தாலே லைகமிங் ஓ-360 வந்துவிடும். காற்றிலேயே குளிரும் பெட்ரோல் இன்ஜின், எடை சுமார் 120 கிலோ. ஆனால் அது கேட்பது ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோல். ஐரோப்பாவில் அதன் விலை கையைக் கடிக்கிறது. ஆப்பிரிக்காவின் பல இடங்களில் அது கிடைப்பதே பாடு. விமான டீசல் இன்ஜின் குடிக்கும் ஜெட் ஏ-1 மண்ணெண்ணெய் அப்படியில்லை, பெரிய விமானம் வந்துபோகும் இடமெல்லாம் இருக்கும். டீசல் மேல் ஆசை வருவதற்கு இதுதான் முதல் காரணம்.

இன்று அந்த ஆசைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பென்ஸ் கார் இன்ஜினை விமானத்துக்கு ஏற்றபடி மாற்றுவது. ஜெர்மனியின் தீலெர்ட் நிறுவனம் தொடங்கி வைத்தது. 2008இல் அது திவாலாக, அந்த இன்ஜின்கள் இப்போது கான்டினென்டல் சிடி வரிசையாக வருகின்றன. ஆஸ்திரியாவின் ஆஸ்ட்ரோ ஏஇ300உம் 2 லிட்டர் பென்ஸ் இன்ஜினிலிருந்து பிறந்ததே, 168 குதிரைத்திறன். இன்னொன்று டெல்டாஹாக். தலைகீழாக நிற்கும் வி-4 (V வடிவில் நான்கு சிலிண்டர்), டூ-ஸ்ட்ரோக், 180 குதிரைத்திறன். முதல் கோட்டிலிருந்தே விமானத்துக்காக வரைந்தது. 1990களில் தொடங்கிய வேலைக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் சான்று கிடைத்தது 2023இல்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது மின்சாரம். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையர் விமானநிலையத்தில் டிஏ42 என்ற சிறு விமானம் ஒன்று, இரட்டை தீலெர்ட் இன்ஜின்களோடு கிளம்பியது. பேட்டரி இறங்கிப்போயிருந்ததால் வெளி மின்சாரம் கொடுத்துத்தான் கிளப்பியிருந்தார்கள். மேலே எழும்பியதும் விமானி சக்கரங்களை உள்ளே இழுத்தார். அந்தக் கணம் மின்னழுத்தம் சரிந்தது, இரண்டு இன்ஜின்களையும் இயக்கும் கணினிகள் அணைந்து மறுபடி கிளம்பின, ப்ரொப்பெல்லர்கள் காற்றுக்கு விளிம்பு காட்டித் திரும்பிவிட்டன. இரண்டு இன்ஜினும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனாலும் உந்துவிசை போயிற்று. அதற்குப் பிறகு கணினிகளுக்குத் தனி பேட்டரி வைப்பது வழக்கமாயிற்று. சரிதான். ஆனால் வீட்டுக் கொட்டகையில் வயரிங் செய்பவர் அந்த மாற்று ஏற்பாட்டையும் தானேதான் பிழையில்லாமல் செய்ய வேண்டும். டெல்டாஹாக்கில் எரிபொருளைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க இயந்திரத்தாலானது. ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம் அடியோடு போனாலும் ஓடும்.

அடுத்தது கியர்பாக்ஸ். கார் இன்ஜின் நிமிடத்துக்கு 3,900 சுற்று போகும்; ப்ரொப்பெல்லருக்கு வேண்டியது சுமார் 2,300. நடுவில் கியர் இருந்தே ஆக வேண்டும். தீலெர்ட் காலத்தில் அதை 300 மணிக்கு ஒருமுறை கழற்றி அனுப்ப வேண்டியிருந்தது. டெல்டாஹாக்கில் கியரே இல்லை. கிராங்க் தண்டு நேராக ப்ரொப்பெல்லரைச் சுற்றும்.

எடையில் இரண்டுமே லைகமிங்கிடம் தோற்கின்றன. ஏஇ300 சுமார் 185 கிலோ, டெல்டாஹாக் 160க்குச் சற்று மேல். இதற்கு மேல் ரேடியேட்டர், அதற்கான தண்ணீர். லைகமிங்குக்காக வரைந்த மூக்கில் ஏஇ300ஐ மாட்டினால் ஒரு ஆளைக் கூடுதலாக மூக்கிலேயே உட்கார வைத்த மாதிரி. எடைமையம் முன்னால் ஓடிவிடும். இறங்கும்போது மூக்கைத் தூக்கி நிறுத்தவே வால் திணறும்.

இனி சேமிப்பு. 120 குதிரைத்திறனில் பறந்தால் பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 32 லிட்டர் குடிக்கும், டீசல் 25 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளும். பயிற்சிப் பள்ளிகள் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான மணி பறக்கின்றன. அவர்களுக்கு இது பெரிய பணம். பல வருஷம் பறந்து தேறிய ஏஇ300 வேண்டுமென்றால் அது பூட்டியே வரும் டிஏ40 என்ஜி விமானத்தை அவர்கள் தாராளமாக வாங்கலாம். வருஷம் 50 மணி பறக்கும் வீட்டுக் கட்டுநருக்கு மிஞ்சுவது சுமார் 350 லிட்டர்தான். இன்ஜின் விலையில் உள்ள வித்தியாசத்தை அது ஈடுகட்டாது. பக்கத்தில் 100எல்எல் கிடைத்தால் அவருக்கு லைகமிங்கே போதும். கிடைக்காத ஊரென்றால் என் ஓட்டு டெல்டாஹாக்குக்கு. வெளியே அதிக மணி ஓடிப் பழகாத இன்ஜின் என்பது உண்மை. ஆகவே முதல் 100 மணி விமானநிலையத்தை விட்டு அதிக தூரம் போகாமல் பறக்கச் சொல்வேன்.