சுகர், கொழுப்பு டெஸ்ட்: ரத்தத்தை வீட்டிலேயே கொடுக்கலாமா, லேபுக்குப் போகலாமா?

கடலூரில் ரத்தம் கொடுக்க இரண்டு வழி உண்டு. விடிந்ததும் நாமே லேபுக்குப் போகலாம். இல்லையென்றால் போன் செய்து, வீட்டுக்கே வந்து எடுத்துப் போகச் சொல்லலாம். வெறும் வயிற்றோடு அலைய வேண்டாம் என்பதால் வயதானவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி. கொழுப்பு டெஸ்டுக்கு அது போதும். சுகருக்கு லேபுக்குப் போவதே நல்லது என்பேன்.

காரணம் இதுதான்: ஊசி வழியாக வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில், அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நம்மூர் சித்திரை வெயிலில் இன்னும் வேகம். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு இரண்டு மணி நேரம் கழித்து 117 பக்கம் வரலாம். சர்க்கரை நோய்க்கான கோடு 126. ஆக, நோயே இல்லை என்று மனிதர் நிம்மதியாகிவிடுவார்!

அணுக்கள் குளுக்கோஸைத் தின்பதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி டியூபில் ஃபுளோரைடு என்ற உப்பைச் சேர்க்கிறார்கள். அதுவும் உடனே தடுத்துவிடாது. முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மஞ்சக்குப்பத்தில் எடுத்த ரத்தம், இன்னும் நாலு வீடு ஏறி இறங்கிப் புதுச்சேரி லேபுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யோசியுங்கள். லேபிலேயே கொடுத்தால் அரை மணிக்குள் டியூபைச் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட முடியும். உடனே பிரிப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மெஷின் சுகரை அளப்பது ஹெக்ஸோகைனேஸ் முறையிலா, ஜிஓடி-பிஓடி முறையிலா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலாவது கூடுதல் துல்லியம், சரி. ஆனால் டியூபிலேயே குறைந்துபோன சுகரை எந்த மெஷினும் திருப்பித் தராது.

கொழுப்பு டெஸ்டில் பார்க்கும் கொலஸ்ட்ராலும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பும் இப்படிச் சில மணி நேரத்தில் குறைவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை நேரடியாக அளந்தார்களா, கணக்குப் போட்டார்களா என்பதை. மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் கணக்கு. செலவு குறைவு, பெரும்பாலானவர்களுக்குப் போதும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேரடி அளவுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

விரலைக் குத்தி வீட்டிலேயே சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் தினசரிக் கண்காணிப்புக்கு மட்டும். சுகர் 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டுவதை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. பண்ருட்டிப் பலாச்சுளை எடுத்த கையோடு விரலைக் குத்தினால் எகிறும். ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும்.

லேபுக்குப் போகவே முடியாத பாட்டிக்கு? கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டுக்கு ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அது பயணத்தைத் தாங்கும், வெறும் வயிறும் வேண்டாம். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.