கார் பேட்டரி மாற்றச் சொன்னால் பழசை உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி பெரும்பாலும் சும்மாதான் நிற்கும், வாரம் ஒருமுறை காரைக்குடிக்குச் சாமான் வாங்கப் போனால் உண்டு. போன மாதம் இரண்டு நாள் நின்றதற்கே சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்பதோடு சரி. வழக்கமாகப் போகும் கடையிலிருந்து ஆள் வந்தார், ஹாரனை அழுத்திப் பார்த்தார், "பேட்டரி செத்துருச்சுண்ணே" என்றார். அவ்வளவுதான் சோதனை. புதுசு 5,400 ரூபாய், பழசுக்கு 800 கழித்துக்கொண்டு அதைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். அதற்கு வாரண்டி இன்னும் 14 மாதம் பாக்கி என்று கார்டைத் தேடி எடுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நாலாம் நாள் புதுசும் படுத்துவிட்டது. அதே கடையில் கேட்டால், இப்போது என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் போச்சாம், 9,000 ஆகுமாம். பேட்டரி பற்றியெல்லாம் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இருக்கிற ஊர் காரைக்குடி, அங்கே பேட்டரியை அளந்து பார்க்க கடையில் ஒரு மீட்டர் இல்லை!

பக்கத்து வீட்டு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் கொடுத்துக் கிளப்பி, தேவகோட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். என்ஜின் ஓடும்போதே பேட்டரியில் மீட்டரை வைத்தார், 14.2 வோல்ட். 13.8-லிருந்து 14.5-க்குள் வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது, அதில் கை வைக்காதீர்கள் என்றார். அப்புறம் என்ஜினை நிறுத்தி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் சேர்த்து, கதவைப் பூட்டிவிட்டு "டீ குடிச்சிட்டு வருவோம்" என்று கூட்டிப் போனார். வண்டிக்குள் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தூங்க அரைமணி நேரம் ஆகுமாம். திரும்பி வந்து பார்த்தால் 0.6 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. 0.05-ஐத் தாண்டக் கூடாது. 0.6 என்றால் ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-மணிக்கு மேல், என் பேட்டரியோ மொத்தமே 35.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். மியூசிக் சிஸ்டம் ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் 0.02-க்கு இறங்கியது. சாவியோடு அணைய வேண்டிய ஒயரை எப்போதும் கரண்ட் இருக்கிற லைனில் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். மாட்டியது யார் தெரியுமா? பேட்டரி விற்ற அதே கடைதான்.

ஒயரை மாற்றிப் போட 350 ரூபாய் ஆனது. இப்போது ஐந்து நாள் நின்றாலும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. பழைய பேட்டரியைத் திருப்பிக் கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.