வேலூரில் மாதக்கணக்கில் தங்குவதென்றால் கிச்சன் ரூம்தான்

அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் மாதக்கணக்கில் தங்க வேண்டி வந்தது. முதலில் காந்தி ரோட்டில் ஒரு சாதாரண லாட்ஜ். பிறகு அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே, இங்கே எல்லோரும் ‘கிச்சன் ரூம்’ என்று சொல்கிற வீடு மாதிரியான அறை. சிகிச்சை முடியும்வரை அதில்தான் இருந்தோம். இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அதாவது சி.எம்.சி.க்கு வரப்போகிற குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வாரத்துக்கு மேல் இருக்க வேண்டிவரும் என்று தெரிந்தால் ஏசி, டிவியை எல்லாம் விடுங்கள். அடுப்பு வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காரணம் சாப்பாடு. அம்மாவுக்கு உப்பு, காரம் இரண்டையும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஓட்டலில் போய் உப்பில்லாமல் குழம்பு வையுங்கள் என்று கேட்க முடியுமா? லாட்ஜில் இருந்தவரை இட்லியும் தயிர்சாதமுமாக ஓடியது, அதிலும் பாதி பொட்டலத்திலேயே கிடக்கும். கிச்சன் ரூமுக்கு மாறிய அன்று சாயங்காலம் நொய்யும் பாசிப்பருப்பும் குழைய வேகவிட்டு, சீரகம் மட்டும் தாளித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துடி” என்றார். அதற்கப்புறம் வாடகை கூடுதலாச்சே என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

ஒரு கட்டில் அறை, அதை ஒட்டி ஒருவர் நின்று திரும்பும் அளவுக்குச் சமையல் மேடை, சிங்க், குளியலறை. அவ்வளவுதான் அறை. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனி வாடகை. குக்கரை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுங்கள். அவர்கள் கொடுத்த குக்கரில் கேஸ்கட் காய்ந்து விறைத்துப்போய் விசிலே வரவில்லை, ஓரமெல்லாம் ஆவி போனது. கடைக்குப் போய்ப் புது கேஸ்கட் வாங்கி மாட்டிய பிறகுதான் பருப்பு வெந்தது. காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட். காலையில் சீக்கிரம் போனால் முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கும். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பொறுக்க வேண்டும். எண்ணெயே அதிகம் வேண்டாம், வதக்கினால் வெண்ணெயாகக் கரையும்.

இந்த மாதிரி அறைகள் இந்தத் தெருக்களில் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் வெளியூர் நோயாளிகள்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். டாக்டரைப் பார்க்க ஒருநாள், டெஸ்ட் எடுக்க ஒருநாள், ரிப்போர்ட்டோடு திரும்பப் பார்க்க இன்னொரு நாள் என்று நாள் இழுக்கும். அதுவரை அவர்களுக்கும் அவர்கள் ஊர்ச் சாப்பாடு வேண்டாமா? கடை போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருக்கும். எங்கள் பக்கத்து அறையில் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண் அம்மாவை ‘மாஷிமா’ (வங்காளத்தில் பெரியம்மா, சித்தி மாதிரி) என்றுதான் கூப்பிடுவார். கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும்போது மட்டும் வாடை எங்கள் அறைவரை வரும், அம்மாவுக்குக் குமட்டும். இதை அவரிடம் நான் சொல்லாமலே அவராகப் புரிந்துகொண்டு, கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்க ஆரம்பித்தார். அந்த மனசு யாருக்கு வரும்! அறை பார்க்கப் போகும்போது சமையல் மேடைக்கு மேலே புகை போக ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான், இண்டக்‌ஷன் அடுப்பு ஓடாது. மருந்துக்கு முன்னால் கஞ்சி கொடுக்க வேண்டிய நேரத்தில் அடுப்பு அணைந்தால் என்ன செய்வது? அதனால் கேஸ் அடுப்பு வைக்க அனுமதிக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. குழாயில் வருவது போர் தண்ணீர். கெட்டிலின் அடியில் சீக்கிரமே வெள்ளையாகப் படிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையை மட்டும் கோடையில் எடுக்காதீர்கள், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். லிஃப்ட் இருந்தாலும் வாசலில் படி எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீல்சேரில் ஒருவரை ஏற்றி இறக்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

வாடகையை நாள் கணக்கில் சொல்வார்கள். மாதக் கணக்கில் கேட்டால் குறையும், கூச்சப்படாமல் கேளுங்கள். கரண்ட் பில் சேர்த்தா தனியா, ஜி.எஸ்.டி. உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நாள் வாடகை 1000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த வரிவிலக்கு 2022 ஜூலையிலேயே போய்விட்டது. நாங்கள் காலி செய்தபோது, சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலைக் காட்டி அட்வான்ஸில் பிடிக்கப் பார்த்தார்கள். குடிவந்த அன்றே போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன், முழுப் பணமும் கைக்கு வந்தது.

அறை பிடிப்பதற்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது பாருங்கள். 2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சில துறைகள் அங்கே போய்விட்டன. அங்கே பார்க்க வேண்டியவர்கள் காந்தி ரோட்டில் அறை எடுத்தால் தினமும் பஸ்ஸிலேயே பாதி உயிர் போகும். விமானத்தில் வருகிறவர்கள் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கி வரலாம். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக ரயிலில் வருகிறவர்கள் காட்பாடிவரை போக வேண்டாம். அதற்கு முன்னால் வேலூர் கன்டோன்மென்ட்டிலேயே இறங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ செலவு குறையும்.