மாண்டிசோரி சாமான்: எது நின்றது, எது பரணுக்குப் போனது

பிள்ளை தன் கையால் தானே செய்து கற்கிற கல்வி முறைக்கு மாண்டிசோரி என்று பெயர். கடையில் ‘மாண்டிசோரி’ என்று எழுதி விற்கிற சாமான்களில் பாதிக்கு மேல் வாங்கத் தேவையில்லை. மீதியில் சிலவற்றை வாங்கலாம், சிலவற்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மற்றதெல்லாம் அடுக்களையிலேயே கிடக்கிறது.

மகளுக்கு ஒரு வயது தாண்டிய சமயத்தில் ஆரம்பித்தோம். இப்போது நான்கை நெருங்குகிறாள். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறேன். அதனால் பகலில் பிள்ளையோடு இருப்பது நானும் என் அம்மாவும்தான், அவளுக்கு ஆச்சி. வாங்கிய வாரமே ‘சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் நிறைய உண்டு. மழைக்காலம் தாண்டிய பிறகு அந்தப் பொருள் என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. இங்கே அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சாமானை வாங்கலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. பிள்ளை தப்பாகச் செய்தால் அதைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று ‘அப்படி இல்லம்மா, இப்படி’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அது வேண்டாம். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி தன் சாதனங்களை வடிவமைத்தபோது இதைத்தான் பெரிதாக எண்ணினார். அவருடைய உருளைக் கட்டையைப் பாருங்கள். நீளமான மரத்தில் 10 குழிகள், அவற்றுக்கு 10 உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் பிடிக்க ஒரு குமிழ். ஒன்றைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஓர் உருளை போக இடமில்லாமல் கையில் நிற்கும். மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழிகளை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுப்பாள். நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. முறைப்படி இதில் நான்கு கட்டைகள் உண்டு. தடிமனும் உயரமும் சேர்ந்து குறைகிற ஒன்றை மட்டும் வாங்கினோம், அது போதுமாக இருந்தது. வாங்கியதிலேயே உருப்படியானது இதுதான்.

ஆனால் எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் மரம் ஊறி, இரண்டு உருளைகள் குழிக்குள் இறுகிவிட்டன. பெரியவர்கள் இழுத்தாலே கஷ்டம், பிள்ளை எப்படி எடுப்பாள்? மழை மாதங்களில் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வெயில் வந்த பிறகு திரும்பத் தருகிறோம். அப்படி இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது புதுச் சாமான் மாதிரி ஓடிவந்து எடுக்கிறாள் என்பது எதிர்பார்க்காத லாபம்.

அடுத்தது இளஞ்சிவப்புக் கோபுரம். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை 10 கனசதுரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பார்க்க அழகு, படத்தில் இன்னும் அழகு. எங்களுக்கு வந்த செட்டில் பெயிண்ட் உரிந்தது. அளவும் சீராக இல்லை, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டு கிட்டத்தட்ட ஒரே அளவு. பொருளே தப்பைக் காட்ட வேண்டும் என்கிற இடத்தில் பொருளே தப்பாக வந்தால் பிள்ளை எதைக் கற்பாள்? தவிர, அந்த 1 செ.மீ. கட்டை மூன்று வயதுக்கு முன் வாய்க்குள் போகும், மூச்சு அடைக்கும். அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தோம். இப்போது கோபுரம் ஆட்டுக்குட்டிக்குக் கூடாகவும் கோழிக்கு வீடாகவும் இருக்கிறது. முறை தெரிந்தவர்கள் அப்படி விளையாடவிடக் கூடாது என்பார்கள். நான் விட்டுவிட்டேன்.

பட்டன், ஜிப், நாடா பழகுகிற மரச் சட்டங்களுக்குச் செலவு செய்யாதீர்கள். அப்பாவின் பழைய சட்டையைப் பாயில் விரித்தால் அதே வேலைதான். பூட்டு, தாழ்ப்பாள், சுவிட்ச் எல்லாம் அடித்த பலகை ஒன்று வருகிறதே, அதுவும் பரணில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்வாசல் கொண்டி அவளுக்கு அதைவிடச் சுவாரசியம், ஏனென்றால் திறந்தால் உண்மையிலேயே கோழிகள் தெரியும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் எதன்மேலும் போட்டுக்கொள்ளலாம், அது தரச் சான்று அல்ல. பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

அலமாரியைக் கடையில் வாங்கவில்லை. மார்த்தாண்டம் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் சொன்னேன். ரப்பர் தடி மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டதற்கு, ‘வண்டு விழுமாக்கும், அயினியில போடுவோம்’ என்றார். அயினி பலா இனத்து மரம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். தொழிற்சாலையில் பக்குவம் செய்து வருகிற ரப்பர் மரப் பொம்மைகள் வேறு, நம் விளையில் வெட்டிய தடி வேறு. அயினிப் பலகையில் இரண்டே தட்டு, பிள்ளையின் நெஞ்சு உயரம். அதில் ஆறு பொருள்களுக்கு மேல் வைப்பதில்லை. எதை எடுத்தாலும் தடுக்கை விரித்து அதில் வைத்துச் செய்ய வேண்டும், முடிந்ததும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். செலவு செய்ததில் முழுசாக வசூல் ஆனது இந்த அலமாரிதான். கூடை நிறையப் பொம்மை இருந்தபோது ஒன்றையும் நின்று விளையாடாதவள், ஆறு மட்டும் இருக்கும்போது ஒன்றை எடுத்து வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

இனி அடுக்களை. இந்த முறையில் அன்றாட வேலைகள் என்று ஒரு பகுதியே உண்டு: ஊற்றுவது, அள்ளுவது, துடைப்பது, உரிப்பது. காசு செலவில்லை, பயனும் அதிகம்.

ஊற்றுவதை உலர்ந்த பொருளில் தொடங்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் அரிசி, இன்னொன்று காலி, இரண்டும் ஒரு தட்டுக்குள். அது கைவந்த பிறகு தண்ணீர். ஆச்சியின் பழைய பித்தளைக் கிண்டி இதற்கென்றே செய்ததுபோல் அமைந்தது. மூக்கு இருப்பதால் மெல்லியதாக விழும், எடை இருப்பதால் இரண்டு கையாலும் பிடிக்கத் தோன்றும். சிந்தினால் துடைக்க ஒரு துண்டுத் துணி பக்கத்திலேயே இருக்கும். முதலில் அவளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பதில்தான் ஆசை. துடைப்பதற்காகவே சிந்துவாள். அந்தக் கட்டத்தில் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் வேலை நடக்கும்போது எழுந்து போகாதீர்கள். பக்கெட்டில் சில அங்குலத் தண்ணீரே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

கண்ணாடி டம்ளர் கொடுப்பதா என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. உடைகிற பொருளைக் கொடுத்தால்தான் பிள்ளை கவனமாகக் கையாளும் என்பது மாண்டிசோரி வழி. ‘பச்சப் பிள்ளையாக்கும் மக்கா, கையில தச்சுப்போடும்’ என்பது அம்மா வழி. டீக்கடையில் வைத்திருக்கிற தடித்த சின்ன கிளாஸில் இரு தரப்பும் சமாதானம் ஆனது. உடைந்தது ஒன்றுதான். அதுவும் நான் கழுவும்போது.

உரிப்பதற்கு மட்டிப்பழத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. சின்னப் பழம், மெல்லிய தோல், நுனியை மட்டும் கீறிக்கொடுத்தால் மிச்சத்தைத் தானே உரித்துவிடுவாள். இங்கே குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கிற பழமும் இதுதான். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நறுக்கப் பழக, அவித்த ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்) முனையில்லாத கத்தியும். புட்டுக்கு மாவு அரிக்கும்போது சின்ன அரிப்பு ஒன்று அவளுக்கு. வாசலுக்கு, ஆச்சி கட்டிக்கொடுத்த குட்டி ஈர்க்கு வாரியல்.

சுளவு (முறம்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் முதலில் நம்பிக்கையே இல்லை. பிள்ளை திணறும்போதெல்லாம் குறுக்கே கை நீட்டி வேலையை முடித்துக்கொடுத்துவிடுவாள். நான் விளக்கம் சொன்னால் இன்னும் மோசம். பயறு புடைக்கிற அன்று மகள் போய்ச் சுளவைப் பிடித்துக்கொண்டு ‘ஆச்சி, நானே’ என்றாள். அம்மா ஒரு சின்னச் சுளவை எடுத்து வந்து, எதிரே உட்கார்ந்து, பேசாமல் மெதுவாகப் புடைத்துக் காட்டினாள். பேச்சைக் குறைத்து, கையின் அசைவை நிதானமாகக் காட்டுவதுதான் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் செய்வதும். நான் எத்தனையோ வீடியோ பார்த்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

வீட்டைச் சுற்றிக் கிடப்பதை எல்லாம் கொடுக்கலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பார்க்க அழகான குன்றிமணி விஷம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. ரப்பர் கொட்டையில் சயனைடு உருவாக்கும் பொருள் இருக்கிறது. ஓணத்துக்கு அத்தப்பூ போடத் தோவாளையிலிருந்து பூ வாங்கி நிறம் பிரிக்கக் கொடுப்போம். கேந்தி, வாடாமல்லி சரி, அரளியை முதலிலேயே எடுத்துவிடுவோம், அதுவும் விஷச்செடி. விஷம் இல்லாத புளியமுத்துகூட மூன்று வயதுக்கு முன் வேண்டாம். பொம்மைச் சோதனையில் சின்ன உருப்படியைப் பார்க்கிற குழாயின் விட்டம் 31.7 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் அடங்குகிற எதுவும் அந்த வயதில் தொண்டைக்கு ஆபத்து. சங்குத்துறைக் கடற்கரையில் பொறுக்கிய பெரிய சிப்பி, சங்கு, சோழியைத்தான் பெயர் பழகப் பயன்படுத்தினோம். ‘இது சங்கு’ என்று சொல்வது, அப்புறம் ‘சங்கை எடு’ என்பது, கடைசியாகத்தான் ‘இது என்ன?’ என்று கேட்பது. மூன்றாவதற்கு அவசரப்பட்டால் பிள்ளை எழுந்து போய்விடும்.

விரலால் எழுதிப் பழகும் மணல் தட்டுக்குக் கடற்கரை மணலை எடுக்கவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்ற தாது இருப்பது தெரிந்ததே. வாயில் கை வைக்கிற பிள்ளைக்கு அது எதற்கு? ரவை போட்டோம். எறும்பு வந்தது, ஈரத்தில் கட்டி தட்டியது, வண்டும் விழுந்தது. மழைக்காலத்தில் ரவைத் தட்டு வேலைக்காகாது, கல் உப்பு அதைவிட மோசம்.

‘இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907-ல் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார். போர் காரணமாக இத்தாலிக்காரரான அவர் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கியிருந்தார். அங்கே செடிகொடி, பூச்சி, இலை என்று சுற்றிலும் கிடைத்ததை வைத்தே பிள்ளைகளோடு வேலை செய்தார். விலை உயர்ந்த சாமானைத் தேடி அலைய வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நான் சொந்தக்காரர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் கேட்பதில்லை.

முறையிலேயே எனக்கு ஒத்துவராதது ஒன்று உண்டு. பிள்ளை வேலையில் இருக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது என்பது. மீன்காரர் மணி அடிப்பார், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஓடி வரும், என் போன் ஒலிக்கும். கூட்டு வீட்டில் நீண்ட அமைதி கிடையாது. காலையில் அம்மா குளிக்கப் போகிற நேரமும் மழை கொட்டுகிற மத்தியானமும்தான் எங்களுக்கு வாய்த்தவை. இன்னொன்று, நேரம். அவளே பழம் நறுக்கினால் சீக்கிரம் முடியாது. இருவரும் அவசரமாக வெளியே ஓடுகிற வீட்டில் வாரநாளில் இதைச் செய்வது கஷ்டம்தான், விடுமுறைக் காலையில் ஒன்றிரண்டு செய்தால் போதும்.

இப்போது எழுத்துக்கு வந்திருக்கிறோம். விரலால் தடவிப் பழகும் சொரசொரப்பு எழுத்துகள் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கின்றன, நான் தேடியபோது தமிழில் திருப்தியாக ஒன்றும் அகப்படவில்லை. ஹார்டுவேர் கடையில் நயமான உப்புத்தாள் வாங்கி, வெட்டி, அட்டையில் ஒட்டினேன். பெரும்பாலும் நேர்கோடாக இருக்கிற ட, ப, ம முதலில், அப்புறம் அ, ஆ. விஜயதசமிக்குப் பச்சரிசியில் எழுதிய விரல்தானே, உடனே பிடித்துக்கொண்டாள். மாவுப்பசை போட்டு ஒட்டியவை ஐப்பசி மழையில் பெயர்ந்தன, மரவேலைக்குப் போடுகிற பசையில் ஒட்டியவை அப்படியே நிற்கின்றன. ‘ழ’ மட்டும் இன்னும் வெட்டவில்லை. அதன் அடி வளைவுக்குக் கத்தரி திரும்ப மறுக்கிறது. பிளேடால்தான் வெட்ட வேண்டும் போல.